வீட்டிலேயே மென்மையான மைதா டோர்ட்டியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோர்ட்டியா என்பது மெக்சிகோவின் தட்டை ரொட்டி, நம் சப்பாத்தி மாதிரி. அவசரக்காரர்கள் அளவையும் செய்முறையையும் மட்டும் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம். ஏற்கெனவே செய்து பார்த்து, டோர்ட்டியா விறைத்துப்போய் அலுத்துக்கொண்டவர்கள் கீழே உள்ளதையும் படியுங்கள். எல்லாரும் கொழுப்பைக் கூட்டுகிறார்கள், பேக்கிங் பவுடரைக் கூட்டுகிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் அங்கே இல்லை. மாவில் இருக்கும் ஈரம் கல்லிலும் தட்டிலும் தப்பிப் போகிறது. அதைத் தடுத்தால் போதும்.

டோர்ட்டியா என்றால் மக்காச்சோளத்தில் செய்வதுதானே? மைதாவில் செய்வது அசல்தானா?

இரண்டும் அசல்தான், பகுதிதான் வேறு. மக்காச்சோள டோர்ட்டியா மெக்சிகோவின் நடுப்பகுதிக்கும் தெற்குக்கும் உரியது. ஸ்பானியர்கள் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறது. கோதுமை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தது. வறண்ட வடக்கில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. சோனோரா, சிவாவா, சினலோவா, நுவோ லியோன் போன்ற வட மாநிலங்களில் வீட்டு டோர்ட்டியா என்றால் கோதுமை மாவில் செய்ததுதான். அதிலும் சோனோரா மெக்சிகோவின் முக்கியமான கோதுமைப் பூமி. 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் தன் குட்டைக் கோதுமை ரகங்களை வயலில் சோதித்துத் தேற்றிய யாக்கி பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் டெக்சாஸ், அரிசோனாவிலும் இதே பழக்கம். டெக்சாஸில் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சற்றுத் தடிமனாக, பஞ்சு மாதிரி செய்வார்கள். சோனோராவில் அது சேராது. மெல்லியதாக, மறுபக்கம் வெளிச்சம் தெரியுமளவுக்கு இழுப்பார்கள். கீழே இருப்பது இரண்டுக்கும் நடுவில், வீட்டு அடுப்புக்குத் தோதானது.

என்னென்ன வேண்டும், எவ்வளவு?

20 சென்டிமீட்டர் அகலத்தில் 10 டோர்ட்டியாவுக்கு: மைதா 300 கிராம், உப்பு 1 தேக்கரண்டி (சுமார் 6 கிராம்), கொழுப்பு 60 கிராம், வெந்நீர் 165 மில்லி. பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, விருப்பம் இருந்தால் மட்டும்.

தராசு இல்லையென்றால் 240 மில்லி கப்பில் மைதா 2½ கப். மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டுங்கள். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் அமுங்கி, கப்புக்கு 20 கிராம் கூட ஏறிவிடும். அப்புறம் தண்ணீர் பத்தவில்லை என்று தோன்றும். கொழுப்பு நாலரை மேசைக்கரண்டி, வெந்நீர் ⅔ கப்.

பாக்கெட்டில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 10 முதல் 11 கிராம் வரை இருந்தால் இதற்கு மிகச் சரி. 9-க்குக் கீழே போனால் தேய்க்கும்போது எளிதில் கிழியும். ரொட்டிக்கென்று விற்கும் 12, 13 கிராம் புரத மாவு ரப்பர் போல் இழுக்கும். அதைவிட்டால் வேறு இல்லையென்றால் கூடுதல் நேரம் ஊறவிடுங்கள்.

முழுச் செய்முறையையும் ஒரே இடத்தில் சொல்லுங்கள்.

மைதா, உப்பு, (போடுவதானால்) பேக்கிங் பவுடர் மூன்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். கொழுப்பைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். முதலில் பட்டாணி அளவுக் கட்டிகளாக இருக்கும். விடாமல் பிசிறினால் மூன்று, நாலு நிமிடத்தில் ஈர மணல் மாதிரி ஆகும்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் பிடிபடும், கட்டைவிரலால் தட்டினால் உதிரும். அந்தப் பதம் வருகிற வரைக்கும் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்.

வெந்நீரில் முக்கால் பங்கை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்த்துப் பிசையுங்கள். நாலைந்து நிமிடம் பிசைந்தால் பாத்திரத்தில் ஒட்டாமல் வழவழவென்று திரளும். 10 உருண்டைகளாகப் பிரித்து உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

கல்லை எண்ணெய் தடவாமல் நன்றாகக் காய வையுங்கள். ஒவ்வொரு உருண்டையாக எடுத்து 22 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்துக் கல்லில் போடுங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் மேல்பரப்பில் குமிழ்கள் கிளம்பும், ஈர மாவின் நிறம் மங்கி வெளுக்கும். 30 முதல் 40 விநாடிக்குள் அடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். திருப்பிப் போட்டு இன்னொரு 20, 30 விநாடி. எடுத்த கையோடு சுத்தமான தடித்த துணிக்குள் போட்டு மூடிவிடுங்கள். அடுத்தது வந்ததும் அதன் மேலேயே அடுக்குங்கள். பத்தும் முடிந்தபின் அடுக்கு மூடியபடியே இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டும்.

அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு 'வரவே மாட்டேன் என்கிறது' என்பவர்கள்தான் அதிகம். கல்லை விட்டு வரும்போது எந்த டோர்ட்டியாவும் ஓரத்தில் லேசாக விறைப்பாகத்தான் இருக்கும். துணிக்குள் அதன் ஆவியே அதை இளக்குகிறது.

எந்தக் கொழுப்பு நல்லது?

வட மெக்சிகோவில் வழக்கமானது பன்றிக் கொழுப்பு. மணமும் அதுதான், மென்மையும் அதுதான். அசைவம் வேண்டாதவர்களுக்கு உறைந்த தாவரக் கொழுப்பு ஏறக்குறைய அதே பதம் தரும், மணம் மட்டும் இருக்காது. ஹைட்ரஜனேற்றம் செய்யாததாகப் பார்த்து வாங்குங்கள்.

வெண்ணெயும் சரிதான், சுவை தூக்கலாக இருக்கும். ஆனால் அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். 60 கிராம் கொழுப்புக்குப் பதில் 70 கிராம் வெண்ணெய் போட்டு, தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி குறையுங்கள். எண்ணெயானால் 50 கிராம் போதும். எண்ணெய் போட்ட மாவு தேய்க்கச் சுலபம், ஆனால் இதழ் இதழாக வராது. ஆறியதும் சற்றே அழுத்தமாக இருக்கும். அன்றாடத்துக்கு எண்ணெய், விருந்தாளி வரும்போது வெண்ணெய் என்பது என் கணக்கு.

கொழுப்பை அறவே விட்டுவிட முடியுமா என்றால், முடியும். ஆனால் சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும். மைதாவில் தண்ணீர் பட்டதும் க்ளியடின், க்ளூட்டனின் என்ற இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு வலை கட்டுகின்றன. அதுதான் க்ளூட்டன். கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிப் படர்ந்து அந்த வலை நீளமாகப் பின்னாமல் குறுக்கே நிற்கிறது. தண்ணீருக்கு முன்னால் கொழுப்பைப் பிசிறச் சொல்வது இதனால்தான். வரிசையை மாற்றிப் போட்டால் பலன் பாதிதான்.

பேக்கிங் பவுடர் கட்டாயமா?

இல்லை. போட்டால் உள்ளே கொஞ்சம் காற்றோட்டம், கொஞ்சம் தடிமன். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் ஆறியதும் உதிர ஆரம்பிக்கும், நாக்கில் சோடா மாதிரி ஒரு சுவையும் தங்கும். மெல்லிய டோர்ட்டியா பிடிக்கும் என்றால் போடவே வேண்டாம். ஈஸ்ட் தேவையே இல்லை.

வெந்நீர்தான் வேண்டுமா? எவ்வளவு சூடு?

50 முதல் 60 டிகிரி செல்சியஸ். விரலை விட்டால் ஒரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் கொழுப்பு இளகி மாவில் சீராகப் பரவும், மாவும் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வேறு கதை: கோதுமை மாவுச்சத்து 60 டிகிரி தாண்டினால் பசை மாதிரி வேகத் தொடங்கும். மாவு மிருதுவாக இருப்பதாகத் தெரியும், ஆனால் பிசுபிசுவென்று கட்டையில் ஒட்டும். பேக்கிங் பவுடர் போட்டிருந்தால் அதன் சக்தியில் ஒரு பகுதியும் கல்லுக்கு வரும் முன்பே தீர்ந்துவிடும்.

பிசைந்தது போதும் என்று எப்படித் தெரியும்?

விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். கையில் ஒட்டக்கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். வெறுமனே 'ஒட்டாத பதம்' என்று நினைத்து மாவைத் தூவித் தூவிக் கெட்டியாக்கிவிடுவது வழக்கம். சந்தேகம் வந்தால் இளகலாகவே விடுங்கள். ஊறும்போது அது தானாகச் சரியாகும். கெட்டியான மாவு ஊறினாலும் கெட்டிதான்.

ஊறவிட நேரம் இல்லை. உடனே தேய்க்கலாமா?

தேய்க்கலாம், அது திரும்பச் சுருங்கும். பிசைந்து முடித்த கையோடு க்ளூட்டன் வலை முறுக்கேறி நிற்கிறது. 20 நிமிடமாவது விட்டால் தளரும், 30 வசதி, ஒரு மணி நேரம் விட்டால் கட்டைக்கு வேலையே இல்லை. மொத்தமாக ஊறவைத்துப் பின்னால் உருட்டுவதைவிட, உருட்டி ஊறவைப்பதே மேல். உருட்டும்போது மறுபடி முறுக்கேறுகிறது என்பதால், பின்னால் உருட்டினால் இரண்டாம் முறை காத்திருக்க வேண்டிவரும்.

ஊறவைத்தும் சுருங்குகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். புரதம் அதிகமான மாவு, தண்ணீர் குறைவு, அல்லது அளவுக்கு மீறிப் பிசைந்திருப்பது. எதுவானாலும் கையோடு ஒரு வழி இருக்கிறது. எல்லா உருண்டையையும் முதலில் 10 சென்டிமீட்டருக்குத் தட்டி வைத்துவிடுங்கள். கடைசி உருண்டை முடிவதற்குள் முதலில் தட்டியது தளர்ந்திருக்கும். அதிலிருந்து தொடங்கி முழு அளவுக்குத் தேய்க்கலாம். கல்லில் விழுந்ததும் எப்படியும் ஒரு சுற்று குறுகும், அதனால் 20 வேண்டுமென்றால் 22-க்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

வட்டமாக வரவில்லை.

வராவிட்டால் என்ன, வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான். இருந்தாலும் கேட்டவர்களுக்கு: நடுவில் கட்டையை வைத்து மேல்நோக்கி ஒரு தள்ளு, கீழ்நோக்கி ஓர் இழுப்பு, மாவைக் கால் வட்டம் திருப்பு. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கட்டை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் விளிம்பு நசுங்கிக் காகிதமாகி, கல்லில் முதலில் காய்வது அதுவாகத்தான் இருக்கும். உருண்டை சரியான உருண்டையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

டோர்ட்டியா பிரஸ் வாங்கினால் இந்தத் தொல்லை போகுமா?

போகாது. இரண்டு தட்டுக்கு நடுவில் மாவை வைத்து அழுத்தும் வீட்டு பிரஸ் மக்காச்சோள மாவுக்கானது. அதில் க்ளூட்டன் இல்லாததால் அழுத்திய இடத்திலேயே நிற்கும். மைதா மாவு கைப்பிடியைத் தூக்கியதும் துள்ளித் திரும்பிவிடும். தொழிற்சாலைகளில் மைதா டோர்ட்டியாவை பிரஸ்ஸில்தான் அழுத்துகிறார்கள், ஆனால் அங்கே தட்டுகள் சூடானவை. அழுத்தும்போதே மேல்தோல் வெந்து வடிவம் நின்றுவிடுகிறது.

கல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? நான்ஸ்டிக் பரவாயில்லையா?

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும். 200 முதல் 230 டிகிரி. மெக்சிகோவில் இந்தக் கல்லை கோமால் என்பார்கள். தட்டையான கனமான எந்த இரும்புக் கல்லும் அதே வேலையைச் செய்யும். மிதமான தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வெறுமனே காய வைத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: துளிகள் 'சுர்' என்று ஓடி உடனே மறைய வேண்டும். அல்லது ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள். பத்து விநாடியில் பொன்னிறமானால் சரி, விழுந்ததும் கறுத்தால் தீயைக் குறையுங்கள்.

சூடு குறைவான கல்தான் டோர்ட்டியாவுக்குப் பெரிய எதிரி. புள்ளி விழும் வரை காத்திருக்கிறீர்கள். புள்ளி விழ இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடமும் ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் பார்க்க வெளுப்பாக, மடித்தால் முறிவதாக ஒன்று வருகிறது. கல் சூடாக இருந்தால் வெளியே புள்ளி விழும்போது உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

நான்ஸ்டிக்கை வெறுமனே இந்த அளவுக்குக் காயவைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், கவனிக்காமல் விட்ட காலிக் கல் அந்தச் சூட்டை எட்டுவது சுலபம். வேறு வழியில்லையென்றால் மிதமான தீயில், பக்கத்திலேயே நின்றபடி.

சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் விறைத்துவிட்டது. எங்கே பார்ப்பது?

சுட்டது வெளுப்பாகவும் விறைப்பாகவும் இருந்தால் கல் சூடு பத்தவில்லை. புள்ளிகள் கறுத்து, விறைப்பாகவும் இருந்தால் நேரம் கூடிவிட்டது. கல்லில் மிருதுவாக இருந்து தட்டில் விறைத்தால் மூடி வைக்கவில்லை. துணிக்குள்ளும் விறைத்தால் மாவிலேயே தண்ணீர் குறைவு. அடுத்த முறை 10 மில்லி கூட்டுங்கள். ஓரம் மட்டும் விறைத்தால் தேய்ப்பதில் விளிம்பு மெலிந்துவிட்டது. கரண்டியால் கல்லில் வைத்து அழுத்தி அழுத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். குமிழுக்குள் இருக்கும் ஆவியை நீங்களே பிதுக்கி வெளியேற்றுகிறீர்கள்.

கசக்கிறது, கல்லில் கரி படிகிறது.

தூவுமாவு. அது கல்லில் உதிர்ந்து கருகி அடுத்த டோர்ட்டியாவில் ஒட்டுகிறது. தேய்த்ததும் உள்ளங்கை மாற்றி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு டோர்ட்டியாவுக்கு ஒரு முறை காய்ந்த துணியால் கல்லைத் துடையுங்கள்.

சோனோராவில் கை நீளத்துக்குச் செய்கிறார்களே, அது வீட்டில் வருமா?

சொபாகேரா என்ற அந்த டோர்ட்டியாவைக் கட்டையால் தேய்ப்பதில்லை. நன்றாக ஊறிய இளகிய மாவைக் கையிலிருந்து கைக்குப் போட்டு, முன்கையில் படரவிட்டு இழுக்கிறார்கள். அரை மீட்டர் அகலம்கூடச் சாதாரணம். கவிழ்த்த சட்டி போல் குவிந்த பெரிய கல்லில் போட்டு எடுப்பார்கள். அந்தக் கல்லும் அந்தக் கையும் இல்லாமல் முழு அளவு நடக்காது. ஆனால் முறையைச் சின்ன அளவில் முயலலாம்: தண்ணீரை 180 மில்லியாக்கி, பேக்கிங் பவுடரை விட்டு, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, கட்டையால் பாதி தேய்த்தபின் புறங்கையில் போட்டு மெதுவாக இழுங்கள். கிழிவது சகஜம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

முழுக்கோதுமை மாவில் செய்யலாமா?

பாதிக்குப் பாதி நன்றாக வரும். தவிடு தண்ணீரை அதிகம் இழுக்கும், க்ளூட்டன் வலையையும் அறுக்கும். ஆகவே 20 முதல் 25 மில்லி கூடுதல் தண்ணீர், ஒரு மணி நேர ஊறல். முழுவதும் முழுக்கோதுமை என்றால் சுவை இருக்கும், மடிக்கும் அளவு நெகிழ்ச்சி குறையும்.

க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

இந்தச் செய்முறையில் மாவை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். இதன் நெகிழ்ச்சியே க்ளூட்டன்தான். அவர்களுக்கு மக்காச்சோள டோர்ட்டியாவே சரி. அதற்குச் சாதாரண மக்காச்சோள மாவு உதவாது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாசா மாவு வேண்டும்.

மாவை முந்தின நாளே பிசைந்து வைக்கலாமா?

வைக்கலாம். பேக்கிங் பவுடர் இல்லாமல் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த கொழுப்பு கல் போல் நிற்கும்.

சுட்டதை எப்படி வைத்துக்கொள்வது? ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏன் மோசமாகிறது?

வெந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி படிகமாக இறுகும். காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஈரம் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கிறது, இறுகிய மாவுச்சத்துதான் விறைப்பாகத் தெரிகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 4 டிகிரி சுற்றளவில், அதாவது சரியாக ஃப்ரிட்ஜின் சூட்டில். ஆகவே அன்றைக்கே தீரும் என்றால் முழுதும் ஆறவிட்டு, பையில் கட்டி வெளியே வையுங்கள். அதற்கு மேல் என்றால் ஃப்ரிட்ஜைத் தாண்டி ஃப்ரீசருக்கே போய்விடுங்கள். இடையிடையே பேக்கிங் காகிதம் வைத்து அடுக்கினால் இரண்டு மாதம் தாங்கும், தேவைக்கு ஒவ்வொன்றாகவும் பிரிக்கலாம்.

விறைத்ததை மீட்பதும் சுலபம். 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அந்த இறுக்கம் அவிழ்ந்துவிடும். காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 15 விநாடி, அல்லது ஈரக் காகிதத் துண்டில் சுற்றி மைக்ரோவேவில் 20 விநாடி. சூடாக்கியதை மறுபடி ஆறவிட்டால் முன்னைவிட மோசமாகும், அதனால் சாப்பிடும் நேரத்துக்கே சூடாக்குங்கள்.

கடையில் வாங்கியது வாரக்கணக்கில் மெத்தென்று இருக்கிறதே?

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மோனோ, டைகிளிசரைடு போன்ற எமல்சிஃபயர்கள் மாவுச்சத்து இறுகுவதைத் தாமதிக்கின்றன. கோந்து வகைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கால்சியம் புரோப்பியனேட், பொட்டாசியம் சோர்பேட் பூஞ்சையைத் தள்ளி வைக்கின்றன. வீட்டுச் சரக்கு அந்தப் போட்டிக்குப் போக வேண்டியதில்லை. சுட்ட அன்றைக்குச் சுவையில் கடைச் சரக்கு இதன் பக்கத்தில் நிற்காது.

புரிட்டோ சுற்றும்போது கிழிகிறது.

20 சென்டிமீட்டர் டோர்ட்டியாவில் புரிட்டோ, அதாவது உள்ளே பூரணம் வைத்து மூடிய சுருள், சுற்றினால் கிழியத்தான் செய்யும். 85 கிராம் உருண்டையில் 25 அல்லது 28 சென்டிமீட்டருக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். சுற்றுவதற்கு முன் கட்டாயம் சூடாக்க வேண்டும். உள்ளே வைப்பதில் நீர் ஓடக்கூடாது, அளவும் கை நிறைய வேண்டாம். உங்கள் பக்கமாக உள்ள மூன்றில் ஒரு பங்கில் நீளவாக்கில் வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, கீழ் விளிம்பால் இறுக்கி மூடி உருட்டுங்கள். மடிப்பு அடியில் வரும்படி காய்ந்த கல்லில் அரை நிமிடம் வைத்தால் பிரியாது.